சார்ஜ், கரண்ட், கிராஸ்: தினமும் பேசும் ஆங்கிலச் சொற்களைப் புரிந்துகொள்வது எப்படி?

திருப்பூரில் எந்தத் தெருவுக்குள் போனாலும் பனியன் கம்பெனி வாசலில் ஒரு பலகை தொங்கும். "ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டைலர்கள் தேவை. செக்கிங், கைமடிக்குப் பெண்கள் தேவை. பீஸ் ரேட், ஷிஃப்ட் இரண்டும் உண்டு." முதல் மூன்றும் தையல் மெஷின் வகைகளின் பெயர்கள். பலகையில் பாதிக்கு மேல் ஆங்கிலம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கூட இதைத் தடுமாறாமல் படித்துவிட்டு உள்ளே போய் வேலை கேட்பார். அவரிடமே ஆங்கிலம் பற்றிப் பேச்செடுத்தால், "நமக்கு இங்கிலீஷ் எல்லாம் வராதுங்க" என்று ஒதுங்கிக்கொள்வார்.

இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. தறி, பனியன், மஞ்சள், தேங்காய், பம்புசெட் என்று எந்தத் தொழிலில் இருந்தாலும் கொங்கு நாட்டில் உழைக்கிற ஒருவர் வாயில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் புழங்குகின்றன. ஆனால் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் தெரிந்திருக்கும். அதே சொல் வேறோர் இடத்தில் வந்தால் புதுச் சொல் போலத் தெரியும், பயமும் வந்துவிடும். அகராதியை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்வதைவிட, ஏற்கெனவே தெரிந்த சொல்லின் அடிப்படைப் பொருளைப் பிடித்துக்கொள்வது நல்ல வழி. வேர் தெரிந்துவிட்டால் கிளைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சார்ஜ் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். போனுக்கு சார்ஜ் போடுகிறோம். வங்கியில் சர்வீஸ் சார்ஜ் பிடிக்கிறார்கள். புது மேனேஜர் சார்ஜ் எடுத்துக்கொண்டார் என்கிறோம். போலீஸ் சார்ஜ் ஷீட் தாக்கல் செய்தது என்று செய்தியில் படிக்கிறோம். நான்கும் வேறு வேறு போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே பொருள்தான்: சுமை ஏற்றுவது. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த ஒரு லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் இப்படி வந்து சேர்ந்தது. போனில் மின்சாரத்தை ஏற்றுகிறோம். கணக்கின் மேல் கட்டணத்தை ஏற்றுகிறார்கள். மேனேஜர் தலையில் பொறுப்பு ஏறுகிறது. குற்றவாளி என்று கருதப்படுபவர் மேல் குற்றம் ஏற்றப்படுகிறது. தமிழிலும் "குற்றம் சுமத்தினார்கள்" என்றுதானே சொல்கிறோம். இது பிடிபட்டுவிட்டால், "ஹூ இஸ் இன் சார்ஜ் ஹியர்?" என்று யாராவது கேட்டால், இங்கே பொறுப்பு யார் தலையில் என்று கேட்கிறார் என்பது தானே விளங்கிவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நாம் சொல்லும் "பஸ் சார்ஜ்" ஆங்கிலத்தில் ஃபேர். பயணத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு அவர்களிடம் தனிச் சொல் இருக்கிறது.

அடுத்தது கரண்ட். இந்தச் சொல்லுக்கும் கோவை வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கிய பிறகுதான் கோவையில் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. அதற்கு முன்பும் ஆலை இருந்தது. ஸ்டேன்ஸ் மில் 1888இலேயே வந்துவிட்டது. ஆனால் மலையில் விழுந்த தண்ணீர் மின்சாரமாகி இறங்கி வந்ததும் ஊரின் முகமே மாறியது. 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவையில் உருவானதை இன்றும் ஜி.டி. நாயுடுவின் பெயரோடு சேர்த்துப் பெருமையாகச் சொல்கிறோம்.

கரண்டின் வேர்ப்பொருள் ஓடுவது. ஆற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடினால் அதுவும் கரண்ட்தான். கம்பியில் ஓடுவது எலெக்ட்ரிக் கரண்ட். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மாதம் கரண்ட் மன்த். கடைக்காரர் வங்கியில் வைத்திருக்கும் கரண்ட் அக்கவுண்டில் பணம் நாள் முழுக்க உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் நடப்புக் கணக்கு, நடப்பு ஆண்டு என்கிறோம் அல்லவா, அவர்கள் ஓட்டத்தில் பார்த்ததை நாம் நடையில் பார்த்திருக்கிறோம். வீட்டில் "கரண்ட் போயிருச்சுங்க" என்பதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் வெளிநாட்டுக்காரர் சற்றுத் திகைப்பார். அவருக்கு "பவர்" என்றால்தான் உடனே புரியும். "தி பவர் இஸ் அவுட்" என்று சொல்லுங்கள்.

ஷிஃப்ட்டில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. இடம் மாறுவதுதான் பொருள். ஓர் அணி மாறி இன்னோர் அணி வருவதால் மில்லில் அது ஷிஃப்ட். வீடு மாறினாலும் ஷிஃப்ட். திருப்பூரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிஃப்ட் என்று அது கூலிக் கணக்காகவே ஆகிவிட்டது. கணினியில் இருக்கும் ஷிஃப்ட் பட்டனும் இதே சொல்தான். பழைய டைப்ரைட்டரில் அந்தப் பட்டனை அழுத்தினால் உள்ளிருக்கும் பாகம் உண்மையாகவே இடம் மாறி, பெரிய எழுத்து தாளில் விழும்.

பணம் தொடர்பான சொற்களில் கவனம் கூடுதலாக வேண்டும். இங்கே பொருள் தவறினால் கையில் இருப்பது போய்விடும்.

வங்கியிலிருந்து போனுக்கு வரும் குறுஞ்செய்தியில் டெபிட், கிரெடிட் என்ற இரண்டு சொற்கள் வரும். டெபிட் என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. கிரெடிட் என்றால் வந்துவிட்டது. அப்படியானால் கிரெடிட் கார்டு என்றால் பணம் வரும் கார்டா என்று ஒரு கேள்வி எழும். இது நியாயமான சந்தேகம், பலருக்கும் வருவது. கிரெடிட்டின் வேரில் இருப்பது நம்புவது. மளிகைக் கடைக்காரர் உங்களை நம்பிப் பொருள் கொடுத்தால் அது கிரெடிட். வங்கி உங்களை நம்பிக் கடன் தரும் அட்டை கிரெடிட் கார்டு. அதில் செலவழிப்பது வங்கியின் பணம், திருப்பிக் கட்டியாக வேண்டும். நீங்கள் கணக்கில் போட்ட பணத்துக்கு வங்கி உங்களுக்குக் கடமைப்பட்டிருப்பதால், வரவு வந்தால் கிரெடிட் என்று எழுதுகிறார்கள். ஒரு வேலை நன்றாக முடிந்ததற்கான பெருமை ஒருவருக்குச் சேர வேண்டும் என்றாலும், "தி கிரெடிட் கோஸ் டு ஹெர்" என்பார்கள்.

டெபிட்டும் டியூவும் ஒரே வேரில் வந்தவை. கடன்பட்டிருப்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. நாம் "மாசம் நாலாயிரம் டியூ" என்று தவணையையே டியூ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் தவணை என்றால் இன்ஸ்டால்மென்ட், இ.எம்.ஐ. என்பதில் கடைசி எழுத்து அதுதான். டியூ என்றால் கட்ட வேண்டிய நிலையில் இருக்கிறது என்று பொருள். கட்ட வேண்டிய கடைசி நாள் டியூ டேட். அது தாண்டிவிட்டால் ஓவர்டியூ. பணமில்லாத இடத்திலும் இது வரும்: "தி பஸ் இஸ் டியூ அட் ஃபைவ்" என்றால் பஸ் ஐந்து மணிக்கு வர வேண்டியது.

வாடகை வீடு தேடும்போது அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்கிறோம். காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் பணம் அது. ஆங்கில ஒப்பந்தத்தில் இதை டெபாசிட் என்று எழுதுவார்கள். அட்வான்ஸ் என்றால் முன்னால் போவது, அதாவது முன்கூட்டியே கொடுப்பது. கடைசியில் மொத்த விலையில் அது கழிந்துவிடும். ஜவுளி ஆர்டருக்கு வாங்கும் அட்வான்ஸ் அந்த வகை. காகிதத்தில் இரண்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். திரும்ப வருகிற பணமா, கழிந்துவிடுகிற பணமா என்று வாய்விட்டுக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

எஸ்டிமேட், கொட்டேஷன், இன்வாய்ஸ், ரெசீட் என்ற நான்கையும் சேர்த்து "பில்" என்றே சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. கிணற்று மோட்டார் காயில் எரிந்து ரீவைண்டிங்குக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஏறக்குறைய இவ்வளவு ஆகுமுங்க" என்று எழுதித் தருவது எஸ்டிமேட். அது உத்தேசக் கணக்கு, கூடலாம், குறையலாம். "இந்த விலைக்குச் செய்து தருகிறோம், இத்தனை நாள் வரை இந்த விலை" என்று எழுதித் தந்தால் கொட்டேஷன். அதில் சொன்ன விலைக்கு அவர் நிற்க வேண்டும். வேலை முடிந்து, கட்ட வேண்டிய தொகையைக் குறித்துத் தருவது பில் அல்லது இன்வாய்ஸ். நீங்கள் பணம் கொடுத்ததற்கு அவர் தரும் சாட்சி ரெசீட். இன்வாய்ஸ் கையில் இருந்தால் மட்டும் பணம் கட்டியதாக ஆகாது. நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் காட்ட வேண்டியது ரெசீட்டைத்தான்.

பேலன்ஸ் என்ற சொல்லுக்கு வேர் இரண்டு தட்டு, அதாவது தராசு. இரண்டு தட்டும் சமமாக நின்றால் பேலன்ஸ். கணக்குப் புத்தகத்தில் வரவையும் செலவையும் இரண்டு பக்கமாக எழுதி, சமமாக்க எவ்வளவு குறைகிறதோ அதை மீதி என்று போடுவார்கள். அப்படித்தான் மீதித் தொகைக்கும் பேலன்ஸ் என்று பெயர் வந்தது. டவுன் பஸ்ஸில், "கண்டக்டருங்ணா, பேலன்ஸ் தரோணுமுங்க" என்று கேட்கிறோமே, அந்த இடத்தில் ஆங்கிலேயர் சேஞ்ச் என்பார்.

சம்பளச் சீட்டுக்கு வருவோம். கிராஸ், நெட் என்று இரண்டு வரி இருக்கும். கிராஸின் அடிப்படைப் பொருள் பெரியது, முழுசானது. பிடித்தம் எதுவும் போகாத முழுச் சம்பளம் கிராஸ். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் போக, கைக்கு வருவது நெட். பொதுவாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பி.எஃப்.புக்குத் தொழிலாளி பங்காகப் போகும், இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். வேலைக்குச் சேரும்போது சொல்லும் தொகை கிராஸா நெட்டா என்று கேட்டுவிட்டால், முதல் மாதச் சம்பளம் வாங்கும்போது ஏமாற்றம் இருக்காது. ஏற்றுமதிப் பெட்டி மேலும் இந்த இரண்டு சொற்கள் அச்சாகியிருக்கும். பெட்டியின் எடையையும் சேர்த்தது கிராஸ் வெயிட். உள்ளே இருக்கும் துணி மட்டும் நெட் வெயிட்.

பட்டன் வாங்கும் கடையில் "ஒரு கிராஸ்" என்றால் 144. பன்னிரண்டு டஜன். பிரெஞ்சில் இதைப் பெரிய டஜன் என்று சொல்வார்கள். அந்தப் பெரிய என்ற சொல்தான் இங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு நேரம் ஒரு வேர், பல கிளை என்று பார்த்தோம். எல்லாச் சொல்லும் இப்படி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சில சொற்கள் உருவத்தில் ஒன்று போலவே இருக்கும், பிறப்பு வேறு. பொள்ளாச்சி சாலையில் இளநீர்க் கடைகளில் டெண்டர் கோகனட் என்று பலகை இருக்கும். ஈரோட்டில் மஞ்சள் விற்கப் போனால் அங்கேயும் டெண்டர் என்ற சொல் காதில் விழும். வியாபாரிகள் தங்கள் விலையை எழுதிக் கொடுப்பார்கள். இளநீரில் வரும் டெண்டர் இளசானது, மென்மையானது என்ற பொருளில் வருவது. மஞ்சளில் வரும் டெண்டர் கையை நீட்டுவது, முன்வைப்பது என்ற பொருள் கொண்ட இன்னொரு சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நெட்டும் அப்படியே. மீன் வலை, கொசு வலை, இன்டர்நெட் எல்லாம் வலை என்ற நெட். சம்பளத்தில் வருகிற நெட், சுத்தமானது என்ற பொருளுள்ள வேறு சொல். பொருளை இழுத்துப் பிடித்தும் சேரவில்லை என்றால், இரண்டு சொற்கள் என்று விட்டுவிடுங்கள்.

தொழிற்சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தவை நூலை அளக்கும் கவுண்ட்டும், துணியை அளக்கும் ஜி.எஸ்.எம்.மும். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு இவற்றை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. இருபது கவுண்ட், முப்பது கவுண்ட், நாற்பது கவுண்ட் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எதை எண்ணுகிறோம் என்று கேட்டால் முழிப்பார்கள். கவுண்ட் என்றால் எண்ணிக்கை. 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டா. ஒரு பவுண்டு எடையில் அப்படி எத்தனை சிட்டா நிற்கிறது என்பதே கவுண்ட். முப்பது கவுண்ட் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில், அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, முப்பது சிட்டா. நீளம் 25,200 கெஜம். கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர்! அதே எடையில் நீளம் கூடக்கூட நூல் மெலியும். எண் ஏற ஏற நூல் சன்னமாவது இதனால்தான். பாலியஸ்டர் இழையை அளக்கும் டீனியர் இதற்கு நேர் எதிர். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பது டீனியர்; அங்கே எண் ஏறினால் இழை தடிக்கும்.

ஜி.எஸ்.எம். என்பது கிராம்ஸ் பெர் ஸ்கொயர் மீட்டர் என்பதன் சுருக்கம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்ப்பது. பெர் என்ற குட்டிச் சொல்லைக் கவனியுங்கள்: ஒவ்வொன்றுக்கும், வீதம் என்று பொருள். பெர் டே என்றால் ஒரு நாளைக்கு, பெர் பீஸ் என்றால் ஒரு பீஸுக்கு. பெர்சென்ட் என்றால் நூற்றுக்கு. கம்பெனியில் ஜி.எஸ்.எம். பார்க்க ஒரு வட்டக் கட்டர் வைத்திருப்பார்கள். துணியைப் பலகையில் விரித்து, கட்டரை மேலே வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய வட்டத் துண்டு வெட்டுப்பட்டு வரும். அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. சின்னத் தராசில் அந்தத் துண்டு 1.8 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி 180 ஜி.எஸ்.எம். என்று எழுதிவிடுவார்கள். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட தையல்காரர், இந்த டி-ஷர்ட் 140, இது 180 என்று பேசும்போது எண்களை ஒப்பிப்பதில்லை, துணியின் கனத்தைப் பேசுகிறார்.

இனி ஒரு சின்ன இலக்கணம். ஆங்கிலச் சொல்லோடு நாம் பண்ணு, ஆகு என்று சேர்த்துப் பேசுகிறோம். "ஆர்டரை கேன்சல் பண்ணிட்டாங்க", "ஆர்டர் கேன்சல் ஆயிருச்சுங்க". யாரோ செய்தால் பண்ணு, தானாக நடந்தது போல் சொன்னால் ஆகு. இரண்டாவதை ஆங்கிலத்தில் சொல்லும்போது பலரும் "ஆர்டர் கேன்சல்ட்" என்று நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் ஒரு "வாஸ்" வேண்டும்: "தி ஆர்டர் வாஸ் கேன்சல்ட்". நாம் ஆச்சு என்று சொல்லும் பல இடங்களில் இந்த வாஸ் உட்காரும். மெயில் டெலிவரி ஆச்சு, பில் பாஸ் ஆச்சு, லாட் ரிஜெக்ட் ஆச்சு, எதுவானாலும் இதே அமைப்புத்தான். மெஷின் ஸ்டார்ட் ஆச்சு என்பது போன்ற சில இடங்களில் மட்டும் அது தேவையில்லை. மெஷின் தானே ஓடத் தொடங்குவதால் "தி மெஷின் ஸ்டார்ட்டட்" போதும்.

கடைசியாக, ஆடைகளின் பெயர்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசராக உயர்ந்தவர்களுக்கு இது அவசியம் தெரிய வேண்டும். நம்முடைய பனியன் பிரிட்டனில் வெஸ்ட், அமெரிக்காவில் அண்டர்ஷர்ட். அமெரிக்கர் வெஸ்ட் என்று சொன்னால், சட்டைக்கு மேல் போடும் கையில்லாக் கோட்டைச் சொல்கிறார். பேண்ட்ஸ் என்றால் அமெரிக்காவில் கால்சட்டை, பிரிட்டனில் உள்ளாடை. ஜம்பர் என்றால் பிரிட்டனில் ஸ்வெட்டர். அமெரிக்காவில் உள்ளே ஒரு சட்டை போட்டு, அதற்கு மேல் அணியும் கையில்லாக் கவுன். பெயரை மட்டும் நம்பாமல் படத்தையோ சாம்பிளையோ பார்த்துவிட்டுப் பேசுங்கள். தேதியிலும் இதே சிக்கல் உண்டு. 05/06 என்று எழுதினால் பிரிட்டனுக்கு ஜூன் 5, அமெரிக்காவுக்கு மே 6. டியூ டேட் எண்ணில் வந்தால், மாதத்தின் பெயரை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே ஷிப்மென்ட் தேதியைப் பலகையில் எழுதுங்கள்.